ஜேசனுக்கு வாசித்த மூன்றாம் ஓலை

வலது மூக்குத் துவாரத்தில் டார்ச் அடித்தேன். வெளிச்சம் இடது துவாரம் வழியாக வெளியே வந்தது.

மூக்கின் நடுவில் ஒரு சுவர் உண்டு. வெளிச்சத்தை அது மறிக்க வேண்டும். என் தம்பி மகன் ஜேசனுக்கு அந்தச் சுவரில் சட்டைப் பொத்தான் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. ஓரமெல்லாம் காய்ந்த பொருக்கு. மூச்சு விட்டால் மெல்லிய விசில் சத்தம் வேறு.

"சைனஸ்தானேக்கா?" என்று பக்கத்தில் நின்று கேட்டாள் அவனுடைய அம்மா ஹெப்சி. கையில் ஜெப எண்ணெய் பாட்டில் வைத்திருந்தாள். ஏதோ கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்தில் வாங்கிவந்தது. மூன்று மாதமாக அதைத்தான் மகன் மூக்கில் இரண்டு இரண்டு சொட்டு விட்டுக்கொண்டிருக்கிறாள். முப்பத்தொரு வயது ஆண்பிள்ளை, மாதம் மூன்று லட்சம் சம்பளம், ஓ.எம்.ஆரில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை, அம்மா எண்ணெய் விட அண்ணாந்து படுத்துக்கொள்கிறான். மூக்கு தானாகச் சரியாகிவிடும் என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

அன்று மதியம் சாப்பாட்டின்போது அவன் மூக்கிலிருந்து ரத்தம் பிரியாணித் தட்டில் சொட்டியது. அதனால்தான் என்னை டார்ச்சோடு உட்கார வைத்தார்கள். நான் ஞானசௌந்தரி. முப்பத்தாறு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், அதில் பத்தொன்பது வருஷம் காது மூக்கு தொண்டை ஆபரேஷன் தியேட்டரில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆகையால் குடும்பத்தில் எனக்கு இரண்டு வேலைகள். யாருக்கு ஊசி என்றாலும் போட வேண்டும், யார் தப்பு செய்தாலும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

"ஏசியிலயே உக்காந்திருக்கேன்ல அத்தை. டஸ்ட் வேற. எங்க ஆஃபீஸ்ல எல்லாருக்கும் இந்த மூக்குப் பிரச்சினை இருக்கு" என்றான் ஜேசன்.

"அப்ப ஆஃபீசையே கொண்டுபோய் அட்மிட் பண்ணணும்" என்றேன்.

ஹெப்சியை வெந்நீர் வைக்க அனுப்பினேன். அவள் போனதும், "எத்தனை நாளா கோக்கைன் இழுக்கற?" என்று கேட்டேன்.

அவன் பதறுவான் என்று நினைத்தேன். போனைப் பார்த்துக்கொண்டே, "வீக்எண்ட் மட்டும்தான் அத்தை" என்றான். "நீங்க நினைக்கற ட்ரக்ஸ் மாதிரி இல்ல இது. ஃபோகஸ் வரும். பெரிய பெரிய ஆளுங்க எடுக்கறாங்க. அடிக்ட் எல்லாம் ஆக மாட்டாங்க." ஏதோ புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட சமாசாரத்தைப் பட்டிக்காட்டுக்காரிக்கு விளக்குகிற தோரணை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனுக்கு என்ன தெரியும்? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த மருந்து எங்கள் தியேட்டர் அலமாரியில் இருந்தது. இரட்டைப் பூட்டு, கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வரும். துணி நாடாவை அந்தக் கரைசலில் நனைத்து நோயாளியின் மூக்குக்குள் திணிப்போம். மரத்துப்போகும், ரத்தக்குழாய் சுருங்கும், டாக்டர் வலியில்லாமல் அறுப்பார். ரத்தக்குழாய் சுருங்கினால் அந்த இடத்துக்குச் சாப்பாடு போகாது. ஒரு நாள் என்றால் மருந்து. வாராவாரம் என்றால் சதை பட்டினி கிடந்து செத்து உதிரும். அதுதான் ஓட்டை.

அவனுக்கு முழுக் கதையையும் சொன்னேன். தென் அமெரிக்க மலைக்காரன் கோகா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மூட்டை சுமந்தான். வெள்ளைக்காரன் இலையிலிருந்து உப்பைப் பிரித்தான். கண் ஆபரேஷனுக்கு உதவியது, சரி. அதோடு விட்டானா? ஒயினில் கலந்தான், டானிக்கில் கலந்தான், குழந்தைகளின் பல்வலிக்குச் சொட்டு மருந்தாக விற்றான். அடிமையாகிப் பைத்தியம் பிடித்துச் செத்தவர்களை எண்ணி முடித்தபிறகுதான் பூட்டு போட்டான். நம் நாட்டில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே வெற்றிலைக் கடையில் பீடாவுக்குள் வைத்து விற்றிருக்கிறார்கள்.

"வண்டியிழுக்கிறவன் மென்னு துப்பினதுடா இது" என்றேன். "அதைத்தான் நீ கிரெடிட் கார்டால கோடு போட்டு, ஸ்டைலா உறிஞ்சற."

"சில் அத்தை" என்று சிரித்தான். விசில் அடித்தது.

அன்று காலையில்தான் அவனுடைய கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்திருந்தார்கள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு தொடர்ந்து ஓலை வாசிப்பது வழக்கம். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, இதற்குத் தடை அறிந்தவர்கள் இப்பொழுதே அறிவிக்க வேண்டும் என்று ஆராதனையில் கேட்பார்கள். யாரும் அறிவிக்க மாட்டார்கள். எனக்கு நினைவு தெரிந்து எங்கள் கிழக்குத் தாம்பரம் ஆலயத்தில் ஒரு தும்மல்கூட அந்த இடத்தில் வந்ததில்லை. ஓலை வாசிப்பது சபைச் செயலாளரின் வேலை. எங்கள் சபைச் செயலாளர் என் தம்பி வேதசிரோமணி, பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவன். சொந்த மகனின் ஓலையைத் தானே வாசிக்கும் பெருமை முகத்தில் வழிய, அன்று காலை அவன் நின்ற நிற்பைப் பார்த்திருக்க வேண்டும்.

பெண் பொழிச்சலூர். ஜெரூஷா, இருபத்தேழு வயது, பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். அம்மா இல்லை. அப்பா ஜோனத்தான் ரயில்வே கார்டாக இருந்தவர். நிச்சயதார்த்தத்தில் நான்கு வார்த்தை பேசியிருக்கிறேன். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுகிற பெண்.

தம்பியை மொட்டைமாடிக்கு அழைத்துப்போனேன். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனின் ஹாரன் சத்தம் மேலே வரை கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"கஞ்சாவா?" என்றான்.

"கஞ்சா இல்லடா. கோக்கைன்."

"கஞ்சா இல்லல்ல?" என்று மறுபடி கேட்டான். கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டான் பாருங்கள், அந்த நிம்மதியை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். கஞ்சா என்றால் குடிசை, லாக்கப், தலைகுனிவு. இது விலை அதிகமான சரக்கு அல்லவா, அதனால் மானம் போகாது என்று கணக்குப் போட்டுவிட்டான்.

போன வருஷம் எங்கள் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசித்த எபி, ஆலயக் காம்பவுண்டுக்குப் பின்னால் கஞ்சாவோடு பிடிபட்டான். இதே வேதசிரோமணிதான் கமிட்டியைக் கூட்டி, அவனைக் குழுவிலிருந்து நீக்கி, ஆராதனை அறிவிப்பில் பேர் சொல்லி வாசித்தான். அடுத்த மாதம் வாலிபர் சங்கம் போதை ஒழிப்புப் பேரணி நடத்தியது. கேம்ப் ரோடு வரை வெள்ளை டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு, பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவன் ஜேசன். அப்போதே அந்த மூக்கில் ஓட்டை விழத் தொடங்கியிருக்கும்.

"எனக்கும் கொஞ்சம் தெரியும்க்கா" என்றான் தம்பி. "கல்யாணம் வரைக்கும் கேர்ஃபுல்லா இருடான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

"ஜெரூஷா நல்லா ஜெபிக்கற பொண்ணு. அவ மாத்திடுவா."

தூ. மகன் பண்ணும் அசிங்கத்தைத் துடைக்க யாரோ பெற்ற பெண்ணைத் துணியாகப் பிடித்துவரும் இந்த யோசனைக்கு ஜெபம் என்று பேர் வேறு. ஒரு தடவை ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வயதுப் பையனை நெஞ்சுவலி என்று தூக்கிவந்தார்கள். இதே பவுடர்தான். இதயத்தின் ரத்தக்குழாயையும் அது அப்படித்தான் நெரிக்கும். பெண்டாட்டி அவனுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள். ஆறு மாதக் கர்ப்பம். ஜெரூஷாவை அந்த வராந்தாவில் நிறுத்திப் பார்த்தேன்.

இவ்வளவு வாய் பேசுகிறேனே, அடுத்த ஞாயிறு என்ன செய்தேன் தெரியுமா? இரண்டாம் ஓலை வாசித்தார்கள். தடை அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டு, இரண்டு நொடி இடைவெளி விட்டான். நான் எழுந்திருக்கவில்லை. முட்டி வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்கு ஜுரம் வந்தால் கஞ்சி கொண்டுவந்து கொடுக்க அந்த வீட்டை விட்டால் வேறு வீடு கிடையாது. அறுபத்தாறு வயதில் ஒரு தட்டுக் கஞ்சிக்காக ஒரு பெண்ணை விற்றேன். அன்று என்னையும் அவர்களோடு சேர்த்துத்தான் காறித் துப்பிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் பொழிச்சலூருக்குக் கிளம்பினேன். ஜங்ஷனில் நின்ற ஆட்டோ எபியுடையது. டிரம்ஸ் போனபிறகு அப்பாவின் ஆட்டோவை ஓட்டுகிறான்.

"இன்னா சிஸ்டரம்மா, ஜேசன் அண்ணன் கட்டிக்கப்போற பொண்ணு வூட்டுக்கா?" என்றான், இடம் சொன்னதும். "அந்தப் பொண்ணுக்கு மேட்டர் தெரியுமா?"

"என்ன மேட்டர்?"

"அட, நீங்க வேற. ஏரியாவுக்கே தெரியும். நான் வலிச்சா கஞ்சா குடிக்கி. அவுரு இழுத்தா பார்ட்டி. போலீஸ்காரன் அவுரு காரை நிறுத்தினா சார்ன்றான், என் வண்டிய நிறுத்தினா சீட்டைக் கயட்டிப் பாத்து பேஜார் பண்றான்."

"நீ நிறுத்திட்டியா எபி?"

"ட்ரம்ஸ் வாசிக்க சொல்லோ பாதி நிறுத்திகினு இருந்தேன். இப்போ இன்னாத்துக்கு நிறுத்தறது?" என்றான்.

விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் தலைக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். ஜோனத்தான் வீட்டில் உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் மூன்று தடவை காத்திருந்தேன். எவனோ ஒரு ஏழை அந்தப் பவுடரைப் பொட்டலம் பொட்டலமாக வயிற்றுக்குள் விழுங்கிக்கொண்டு இப்படித்தான் எங்காவது வந்து இறங்குகிறான். உள்ளே ஒரு உறை கிழிந்தால் அவன் செத்தான். கிழியாவிட்டால் ஜேசனுக்கு வீக்எண்ட். நான்காவது விமானம் வருவதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

ஜெரூஷா திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடி வைத்தாள். "எங்களுக்குத் தெரியும் ஆன்ட்டி" என்றாள்.



"நிச்சயத்துக்கு முன்னாடியே அவரே சொல்லிட்டாரு. அதுக்கு அடிமையா இருந்தேன், போன நவம்பர் கன்வென்ஷன்ல ஆண்டவர் விடுவிச்சாருன்னு. ரொம்ப அழுதாரு."

"சாட்சி, சிஸ்டர்" என்றார் ஜோனத்தான். அவர் கண்ணே கலங்கியிருந்தது. "எவ்ளோ பெரிய சாட்சி. இந்தக் காலத்துப் பையன் எவன் உண்மையைச் சொல்றான்?"

சாட்சி என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். மைக்கைப் பிடித்துக்கொண்டு, நான் இப்படிக் கெட்டிருந்தேன், ஆண்டவர் என்னை இப்படி மாற்றினார் என்று சபைக்கு முன் சொல்வது. நல்ல விஷயம்தான், சொல்கிறவன் மாறியிருந்தால். ஆனால் கேட்கிற எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாவம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரிய ஆமென். சொன்னவன் மறுநாள் என்ன செய்தான் என்று யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. டாக்டர் சர்டிபிகேட்டை நம்பாதவர்கள்கூட நாலு சொட்டுக் கண்ணீரை நம்பிவிடுவார்கள். ஜேசன் இதைத் தெரிந்து வைத்திருந்தான். மறைத்தால் மாட்டிக்கொள்வோம் என்று, பழைய கதையாக்கி அவனே சொல்லிவிட்டான்.

"எட்டு நாளைக்கு முன்னாடி என்கிட்ட வீக்எண்ட் மட்டும்தான்னு சொன்னான்மா. எடுத்துக்கிட்டிருந்தேன்னு சொல்லல."

"சிஸ்டர்" என்றார் ஜோனத்தான், ரொம்ப மரியாதையாக. "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கல்யாணம் பண்ணிக்காதவங்க. ஒரு கல்யாணம் கூடி வர்றதுக்கு எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது."

அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? எழுந்தேன். ஜெரூஷா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"டெஸ்ட் இருக்கா ஆன்ட்டி?"

"யூரின் டெஸ்ட் இருக்கு. மூணு நாலு நாளைக்குள்ள எடுத்திருந்தா காட்டிக் கொடுத்துடும்."

என் முன்னாலேயே போனை எடுத்து, அந்த டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும் என்று ஜேசனுக்கு மெசேஜ் அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. கட்டைவிரல் ஒன்று, கூப்பிய கைகள் இரண்டு.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். ஜோனத்தான் கையில் ஒரு நீல ஃபைல். முகத்தில் ஜெயித்த களை.

"நேத்து சம்பந்தியே நேர்ல வந்து குடுத்துட்டுப் போனாரு. நீங்க மன்னிப்பு கேக்கணும்னு நான் சொல்லல சிஸ்டர். பாருங்க, அவ்ளோதான்."

திறந்தேன். முதல் பக்கத்தில் என் தம்பியின் கையெழுத்தில் பொருளடக்கம். பேங்க் புத்தி அல்லவா? கேட்டது ஒரு தாள். அவன் கொடுத்தது பதினோரு பக்கம். மகனை லேபுக்குக் கூட்டிப்போய், கல்யாணத்துக்கு முந்தைய முழு பரிசோதனை என்று இருப்பதிலேயே பெரிய பேக்கேஜை எடுத்திருக்கிறான். கொழுப்பு, தைராய்டு, சிறுநீரகம், ஈரல், கண் பார்வை எல்லாம் வரிசையாக. கடன் மனுவோடு இணைப்பு அதிகம் இருந்தால் கேள்வி வராது என்று வாழ்க்கை முழுவதும் பார்த்தவன்.

ஏழாம் பக்கம் போதைப்பொருள். கோக்கைன் இல்லை. கஞ்சா இல்லை. அபின் இல்லை. ஜோனத்தான் அந்த வரிகளின் மேல் விரலை ஓட்டிக் காட்டினார்.

நான் ஆறாம் பக்கத்துக்குத் திரும்பினேன். பழக்கதோஷம், எதையும் முழுசாகப் படித்துவிடுவேன். அது சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை. சர்க்கரை என்ற இடத்தில் மூன்று பிளஸ் போட்டிருந்தது. நான்காம் பக்கத்துக்குப் போனேன். ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் சர்க்கரை எண்பத்தெட்டு. சாப்பிட்டபின் நூற்றுப் பத்து. குழந்தைக்கு இருக்கிற மாதிரி சுத்தமான ரத்தம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

"ஜேசனுக்கு யூரின்ல சுகர் மூணு பிளஸ் இருக்கு" என்றேன்.

"சுகர்தானே? இப்ப யாருக்கு இல்ல? கன்ட்ரோல் பண்ணிக்கலாம்" என்றார் ஜோனத்தான்.

"ரத்தத்துல சுகர் இல்ல. ரத்தத்துல இல்லாதது யூரின்ல இவ்ளோ எங்கேர்ந்து வரும்?"

அவருக்குப் புரியவில்லை. ஜெரூஷா ஃபைலை வாங்கி, இரண்டு பக்கங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாள். பரீட்சைத் தாளில் காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கிறவள் அவள்.

"ரத்தம் ஒருத்தரோடது, யூரின் இன்னொருத்தரோடது" என்றாள் மெதுவாக.

"ஊசி குத்தறப்ப ஆள் மாற முடியாது. பாத்ரூமுக்குள்ள யாரு வந்து பாக்கப்போறா? லேபுக்குக் கூடப் போனது யாரும்மா?"

"அங்கிள்."

என் தம்பிக்கு இருபத்திரண்டு வருஷமாகச் சர்க்கரை. அவனுக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்ததே நான்தான். சபைச் செயலாளர், அறுபத்து மூன்று வயது, அந்த லேபின் சின்ன பாத்ரூமில் நின்று பிளாஸ்டிக் டப்பாவை நிரப்பி, மூடி போட்டு, மகனிடம் நீட்டியிருக்கிறார். மகனும் பேர் எழுதி ஒட்டிக் கவுண்டரில் கொடுத்திருக்கிறான். இதை ஆண்டவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதாவது இருவருக்கும் தோன்றியிருக்குமா? சந்தேகம்தான். பேக்கேஜில் சிறுநீர்ச் சர்க்கரையும் சேர்த்திருக்கும் என்பதே தோன்றவில்லையே.

ஜோனத்தான் நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார். "பத்திரிகை குடுத்தாச்சு சிஸ்டர். நானூறு பேருக்கு" என்றார். அந்த மனிதர் மேல் எனக்கிருந்த கோபம் அத்தோடு போய்விட்டது.

"போன்ல நிறுத்திடலாம்ப்பா" என்றாள் ஜெரூஷா. "ஆனா போன்ல நிறுத்தினா, பொண்ணுக்கு என்ன குறையோன்னுதான் பேசுவாங்க. அவங்களும் அப்படித்தான் சொல்லிப்பாங்க." என் பக்கம் திரும்பினாள். "மூணாவது ஓலை இந்த ஞாயித்துக்கிழமைதானே ஆன்ட்டி? தடை இருந்தா சொல்லுங்கன்னு அவரேதானே கேக்கறாரு?"

ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாதாரண காட்டன் புடவை, மடியில் ஹேண்ட்பேக். ஜோனத்தான் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பாடகர் குழுவில் டை கட்டிக்கொண்டு நின்ற ஜேசன் அவளைப் பார்த்துக் கையசைத்தான். மருமகள் ஆசையாக மூன்றாம் ஓலையைக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தானோ என்னவோ, என் தம்பியும் மேடையிலிருந்து புன்னகை செய்தான்.

அறிவிப்புகள் தொடங்கின. "ராஜகீழ்ப்பாக்கம் திரு. வேதசிரோமணி அவர்களின் குமாரன் ஜேசனுக்கும், பொழிச்சலூர் திரு. ஜோனத்தான் அவர்களின் குமாரத்தி ஜெரூஷாவுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இவர்கள் இணைக்கப்படுவதற்கு நியாயமான தடை ஏதேனும் உண்டென்று உங்களில் எவரேனும் அறிந்திருந்தால் அதை இப்பொழுதே அறிவிக்க வேண்டும். இது மூன்றாம் தரம்."

இரண்டு நொடி இடைவெளிகூட இந்த முறை விடவில்லை. தாளைத் திருப்பிக்கொண்டிருந்தான். ஜெரூஷா எழுந்து நின்றாள்.

"தடை இருக்கு."

எல்லாத் தலைகளும் திரும்பின. தம்பி மைக்கை விட்டு விலகி, "உக்காரும்மா, அப்புறமா பேசிக்கலாம்" என்றான். மைக் அதையும் பிடித்துச் சபை முழுவதும் பரப்பியது.

"இப்பவே அறிவிக்கணும்னுதானே அங்கிள் வாசிச்சீங்க?"

ஆயர் தம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நீ யாரும்மா? என்ன தடை?"

"நான்தான் ஐயா ஜெரூஷா. ஜேசன் இன்னும் கோக்கைன் எடுக்கறாரு. எடுக்கலன்னு காட்டறதுக்கு அங்கிள் தன்னோட யூரினைக் குடுத்து ரிப்போர்ட் வாங்கியிருக்காரு. ரிப்போர்ட் என்கிட்ட இருக்கு."

முன்வரிசையில் ஒரு குழந்தை 'யூரின்' என்ற சொல்லுக்குக் களுக்கென்று சிரித்தது. ஹெப்சி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். என் தம்பி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். பிறகு தாளைப் பார்த்து, "பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் வருகிற வியாழன் மாலை நான்கு மணிக்கு" என்று அடுத்த அறிவிப்பை வாசிக்கத் தொடங்கிவிட்டான். ஆயர் வந்து மைக்கின் மேல் கையை வைத்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஜெரூஷா ஃபைலை ஆயரிடம் கொடுத்துவிட்டு, அப்பாவைக் கைப்பிடித்து எழுப்பிக்கொண்டு, நடு வழியாகத் தலை நிமிர்ந்து நடந்து போனாள். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். போதும் என்று நானும் எழுந்து வெளியே வந்தேன்.

கார்கள் நிற்கும் இடத்தில் ஜேசன் தனியாக நின்றான். டையைத் தளர்த்தியிருந்தான். மூக்கில் டிஷ்யூ பேப்பரை அழுத்திப் பிடித்திருந்தான், அதில் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது.

"இப்ப சந்தோஷமா அத்தை?"

"ஆமா" என்றேன். "ஒரு பொண்ணு தப்பிச்சா. ரொம்ப சந்தோஷம்."

சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தேன். நாலு வார்த்தை தயாராகவும் வைத்திருந்தேன். அவன் தலையை ஆட்டினான்.

"அவ தப்பிச்சது சரிதான்" என்றான். "அப்பா, கல்யாணம் வரைக்கும் கேர்ஃபுல்லா இருன்னாரு. அம்மா ஜெபம் பண்ணாங்க. நீங்க அப்பாகிட்ட சொன்னீங்க, ஜெரூஷாகிட்ட சொன்னீங்க, அவங்க அப்பாகிட்ட சொன்னீங்க. இன்னிக்கு சபைக்கே தெரிஞ்சுபோச்சு. நிறுத்துடான்னு என்கிட்ட மட்டும் ஒருத்தருமே சொல்லல அத்தை."

முதல் நாள் அவனை உட்கார வைத்து என்னவெல்லாமோ பேசினேன். பேசியதில் எனக்கு ருசியும் இருந்தது. அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லவில்லை. முப்பத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தவள், ரத்தம் ஒழுகும் மூக்கைப் பார்த்துவிட்டு இரண்டு வாரமாக ஊரைக் கேவலமாகப் பேசிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவன் கையிலிருந்த டிஷ்யூவை வாங்கிக்கொண்டு, என் கைக்குட்டையைக் கொடுத்தேன். மூக்கின் கீழ்ப்பகுதியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு குனியச் சொன்னேன். குனிந்தான்.

"நிறுத்துடா" என்றேன்.

"முடியல அத்தை" என்றான்.